அம்மா பார்த்த காட்சிக்கூடம்

மார்ச் 3

அன்பு வாயாடிக்கு,

நலம்தானே? நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் நான் "ம், ம்" என்று சொல்வது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். என்ன செய்ய, எனக்குப் பேனாவைப் பிடித்தால்தான் வாய் திறக்கிறது. விடுதியில் ஒரே அறையில் இருந்துகொண்டே உனக்குச் சீட்டு எழுதி வைத்தவள்தானே நான்.

இங்கே ஒரே பரபரப்பு. எங்கள் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் எல்லாவற்றையும் மாற்றப் போகிறார்கள். ஒரு வடிவமைப்பு நிறுவனத்தை அமர்த்த அறிவிப்பு வெளியிட்டாகிவிட்டது. இயக்குநர் கூடத்துக்குக் கூடம் நின்று, "இந்தக் கண்ணாடிப் பெட்டியெல்லாம் சவப்பெட்டி மாதிரி இருக்கு" என்கிறார். அது உண்மைதான். தேர்வுக் குழுக் கூட்டங்களுக்குக் குறிப்பெடுப்பவள் நான். குழுவில் ஓட்டு கிடையாது, நாற்காலி மட்டும் உண்டு.

சொல்ல வந்தது வேறு. போன ஞாயிறு அம்மாவை முதல்முறையாகக் கூட்டி வந்தேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அன்று அவளுக்கு விடுமுறை. பெட்டிகளில் இருக்கும் விளக்க அட்டைகளை இப்போது நான்தான் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வழியெல்லாம், "எல்லாத்தையும் படிச்சுப் பாக்கணும்" என்றுகொண்டே வந்தாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. உனக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. "கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன், நீயே படி" என்பாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. நானும் மார்க் அட்டையை நீட்டும்போதே பெருமையடிப்பது போல எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிடுவேன். எங்கள் வீடு இப்படித்தான் ஓடுகிறது.

கூடத்தில் அவள் எப்படி நடந்தாள் தெரியுமா? முன்னால் போன ஒரு மனிதர் எவ்வளவு நேரம் ஓர் அட்டையின் முன் நிற்கிறாரோ அவ்வளவு நேரம் அவளும் நின்றாள். அவர் தலையாட்டினால் ஆட்டினாள். அவர் வெளியே போன பிறகு பாவம், பிடி விட்டுப்போயிற்று. சுவரில் தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவது என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"இதுவும் நீ எழுதினதா?"

"ஆமாம்மா."

"தெளிவா எழுதியிருக்கே."

இரவு படுத்தபின் அதை நினைத்துச் சிரிப்பு வந்தது, தூக்கம் வரவில்லை. உன்னிடம் சொன்னால் ஆறும் என்று எழுதிவிட்டேன்.

உன்
கோட்டான்


மார்ச் 14

என் ஊமைக்கோட்டானே,

உன் கடிதத்தை டீ ஆறிப்போகும் வரை படித்தேன். அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கடைசி ஆண்டு லீவில் உன் வீட்டுக்கு வந்தபோது, நான் கொண்டுவந்த கதைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "படம் நல்லாருக்கு"ன்னாங்களே. அப்பவே சந்தேகப்பட்டேன்டீ.

இப்போது ஒரு செய்தி, உட்கார்ந்துகொண்டு படி. உங்கள் அறிவிப்புக்கு எங்கள் நிறுவனமும் விண்ணப்பிக்கிறது. எங்கள் முதலாளி இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். கிடைத்தால் எனக்கு வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் மறுபடி கடை விளம்பரப் பலகை வரையப் போக வேண்டியதுதான். நீ அங்கே இருக்கிறாய் என்று நினைத்ததும் பாதி பயம் போய்விட்டது. ஜனங்கள் எந்தக் கூடத்தில் நிற்கிறார்கள், எதைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று கொஞ்சம் எழுதேன். நீதான் எல்லாவற்றையும் மூலையில் நின்று பார்ப்பவள் ஆயிற்றே.

முத்தங்களுடன்,
வாயாடி


மார்ச் 20

அன்பு வாயாடி,

கோபித்துக்கொள்ளாதே. உன் நிறுவனம் போட்டியில் இருப்பதைத் துணை இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். "ஃபிரண்டுன்னு சொன்னது நல்லது. நீ ஓட்டுப் போடறவ இல்ல, குறிப்பெடு. ஆனா வேலையைப் பத்தி அவங்ககிட்ட மூச்சு விடக்கூடாது" என்றார். அதனால் நீ கேட்டதற்குப் பதில் எழுத மாட்டேன். முடிவு வரும்வரை கடிதமும் வேண்டாம். உனக்குக் கிடைத்தால் முதலில் குதிப்பவள் நான்தான். வாய்விட்டுக் குதிக்க மாட்டேன், அவ்வளவுதான்.

உன்
கோட்டான்


மே 9

வாயாடிக்கு,

இன்று காலை நீ எங்கள் கூட்ட அறையில் நின்று பேசினாய். நான் மேசைக் கோடியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் பார்க்கவில்லை. விதியை மதிக்கிறாய் என்று நினைத்து, உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

பிறகு திரையில் அந்தப் படம் வந்தது.

உங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஒரு கட்டடத்தை வரைவதற்கு முன் அதற்குள் நடக்கப்போகும் ஆட்களைக் கற்பனையில் உண்டாக்கி, படமும் வயதும் வேலையும் கொடுப்பீர்களாம். பள்ளி மாணவன் ஒருவன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். மூன்றாவதாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தீயணைப்புக் கருவியின் முன் நிற்கும் ஒரு பெண்மணி. வேலை, சலவைக்கூடம்.

நீ குரலை மாற்றி, அம்மா மாதிரியே இழுத்து, "தெளிவா எழுதியிருக்காங்க" என்றாய். அறை முழுவதும் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்புதான். அதுதான் என்னைக் கொன்றது. எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் தெரிந்துவிடுமே என்று நானும் சிரித்தேன்.

"யாரு இந்தம்மா? நெஜமா இருக்காங்களா?" என்று இயக்குநர் கேட்டார். "எங்க கள ஆய்வுல சந்திச்சோம் சார்" என்றாய். "இவங்களுக்காகத்தான் கட்டணும்" என்றார் அவர். அதையும் நான்தான் குறிப்பில் எழுதினேன்: எழுத்தறியாத தாய் என்னும் பாத்திரத்தைக் குழு பெரிதும் பாராட்டியது.

உங்களுக்கே வேலை கிடைத்துவிட்டது. நாளை அதிகாரபூர்வமாக அறிவிப்பார்கள். ஒரே ஒரு கேள்வி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

கோட்டான்


மே 17

என் தங்கமே,

திட்டு, இன்னும் நல்லா திட்டு. நான் செய்தது தப்புதான். ஆனால் முழுக்கக் கேள். "எல்லாரும் கொண்டு வர்ற ஆளையே நீயும் கொண்டு வராதே, ஒரு நெஜ மனுஷியைக் கொண்டு வா" என்று முதலாளி என்னைப் போட்டுப் பிழிந்தார். நீ கடிதமும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாய், எப்படிக் கேட்பேன்? கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய். பெயர் எங்கேயும் போடவில்லை. அம்மாவால்தான் இனி ஒவ்வொரு பெட்டியும் பேசப் போகிறது. ஆயிரம் அம்மாக்கள் தலைநிமிர்ந்து நடப்பார்கள். இதில் அவமானம் எங்கேடீ வந்தது? உண்மையைச் சொல்லட்டுமா, வெட்கப்படுவது அம்மா இல்லை. நீ.

இன்னொன்று. ஒப்பந்தம் போட வந்தபோது உங்கள் இயக்குநர் விடவே இல்லை, அந்தம்மாவைப் பார்க்கணும், திறப்பு விழாவுக்கு முதல் விருந்தாளியாகக் கூப்பிடணும் என்றார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். உன் அம்மா என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் நெகிழ்ந்துபோனார். அம்மாவை வைத்து ஒரு சின்னப் படம் எடுக்கலாம் என்கிறார்கள். நீ கேட்டால் அம்மா தட்ட மாட்டாங்க. அழைத்து வருவாயா?

என்றும் உன்
வாயாடி


ஜூன் 2

வாயாடிக்கு,

அழைத்து வரவில்லை. அவளே வந்தாள். வீட்டுச் சாவியை மறந்துபோய், வேலை முடிந்ததும் என்னிடம் வாங்க வந்தாள். டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் அவள் என் அம்மா என்று சொன்னது காதில் விழுந்து, நான் வரவேற்பறைக்கு இறங்கி வருவதற்குள் இயக்குநர் அவளிடம் போய்விட்டார். நல்ல மனிதர். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அந்தம்மா? உங்களாலதான் எல்லாத்தையும் மாத்தறோம். இனிமே நீங்க படிக்கத் தெரியலையேன்னு கவலைப்படவே வேண்டாம். பட்டனை அமுக்கினா போதும், அதுவே சொல்லும்."

டிக்கெட் கொடுக்கும் பெண், காவலாளி, பெட்டி தூக்க வந்த உங்கள் ஆட்கள் இருவர், எல்லோரும் நின்று கேட்டார்கள். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சரிங்கய்யா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்தும்மா."

இறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து என் வேலையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். சாப்பிட்டியா, துணியை எடுத்து உள்ளே போட்டியா, அவ்வளவுதான் பேச்சு.

வெட்கப்படுவது நான்தான் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். அந்த வெட்கத்தை அம்மாவும் நானும் இத்தனை காலம் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கனமாக இல்லை. நீ அதை ஊர் பார்க்க மேசைமேல் வைத்துவிட்டாய். ஆயிரம் அம்மாக்களுக்கு நல்லது நடக்கட்டும். உங்கள் வரைபடங்களைப் பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. பொய் சொல்ல எனக்கு வராது. அந்தப் பெண்மணியின் படத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லி இயக்குநரிடம் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரியின் அறைக்குள் நானாகப் போய்ப் பேசினேன். "அதுதாம்மா இந்தத் திட்டத்தோட உசுரு" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திறப்பு விழாவுக்கு அம்மா வர மாட்டாள். படமும் எடுக்க வேண்டாம்.

இன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா தானாக என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன், அப்புறம் அவள் மடியில் படுத்து அழுதேன். எழுந்ததும் பழக்க தோஷத்தில் இந்தத் தாளை எடுத்து, உன் பெயரை எழுதி, தேதியும் போட்டுவிட்டேன்.

அம்மா சொன்னதை எழுதவில்லை.

இப்படிக்கு,
பழைய அறைத்தோழி