கால் ஊன்றாமல் இறங்கிய சரிவு

சிதறால்
12.1.2014

அன்புள்ள ஷிஜி,

போனில் உன் குரல் கேட்டதும் சொல்ல நினைத்தது மறந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நியூசிலாந்தில் லீவு நாளில் நர்சுகள் சேர்ந்து மலையில் சைக்கிள் விடுவோம் என்றாயே, நானும் ஒரு கியர் சைக்கிள் வாங்கிவிட்டேன். விசா கிடைத்து அங்கே வரும்போது, நீ ஓட்டிப் போக நான் உருட்டிக்கொண்டு வரக்கூடாது அல்லவா? நேற்று ரப்பர் தோட்டத்துச் சரிவில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துத் தலைகுப்புற விழுந்தேன். பால் வெட்ட வந்த கோலப்பன் தூக்கிவிட்டு, "கெட்டியவ ஊர்ல இல்லேன்னா இப்பிடியா மக்கா பள்ளத்துல சாடுவே?" என்றான்.

எப்படி இறங்குவது, எழுது.

உன் பெனின்

ரோட்டோருவா
2.2.2014

அன்புள்ள அத்தானுக்கு,

அடி பலமா? மறைக்காமல் எழுதுங்கள்.

சரிவு வருமுன்னே சீட்டைத் தாழ்த்திவிடுங்கள். இறங்கும்போது உட்காராதீர்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, எழுந்து நின்று இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். கை விறைக்கக் கூடாது. இரண்டு பிரேக்கையும் ஒரு விரலால் மெல்லப் பிடித்தால் போதும். கல்லையே பார்த்தால் கல்லில்தான் போய் ஏறும். போகவேண்டிய வழியைப் பாருங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குமுன்னே கியரைக் குறையுங்கள்.

எல்லாம் என்னோடு வேலை பார்க்கும் கிளாரா சொல்லித்தந்தது. அவள் ஏறும்போது அவள் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

சீக்கிரம் வாருங்கள்.

ஷிஜி

சிதறால்
20.4.2014

அன்புள்ள ஷிஜி,

நீ எழுதியபடியே செய்தேன். உச்சியிலிருந்து கால் ஊன்றாமல் கீழே வந்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சுற்றிலும் ரப்பர் மரங்கள்தான் நின்றன.

மறுநாள் விசா பதில் வந்தது. இந்த முறையும் இல்லை. சின்ன வயதில் வந்த காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிகிறதாம். அந்தச் சரிவை மிதித்து ஏறின நெஞ்சுதான் இது. போனில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வேலைக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். திரும்பி வா என்று கூப்பிட மாட்டேன். அங்கேயே இரு என்று எழுதவும் கை வரவில்லை.

உன் பெனின்

ரோட்டோருவா
6.5.2014

அத்தான்,

உங்கள் போனை நான் எடுக்காதது கோபத்தால் அல்ல. யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டேன்.

உங்களால் என் வாழ்க்கை போயிற்று என்று தலை குனியாதீர்கள். ஆனால் இந்த மலைகளை விட்டு வர எனக்கு மனசில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வந்தபிறகு சில நாள் முகம் வாடியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஜூன் பதினான்காம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். வேன் பிடித்துச் சொந்தக்காரர்களை ஏற்றிவராதீர்கள். நீங்கள் மட்டும் வாருங்கள். போனில் நீங்கள் என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுவது காதோடு நின்றுவிடுகிறது. அத்தனை கூட்டத்தின் நடுவே சத்தமாகக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஷிஜி