சன்னலடியில் எட்டு ஐரிஸ்

ஓக்னியென் அப்பா,

காணாமல் போனவர்களின் புதுப் பட்டியலைப் பார்க்க பெல்கிரேடுக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடியுங்கள். பக்கத்து வீட்டு ஸ்மில்யா ஐரிஸ் பூக்கிழங்கு கேட்டு வருவாள். சாக்கில் இருப்பதைக் கொடுங்கள். நம் பிள்ளை ஓக்னியெனின் சன்னலடிப் பாத்தியில் அவள் கை வைக்கக்கூடாது.

நேற்று அந்தப் பாத்தியில் கிழங்கைப் பிரித்து நட்டபோது எட்டு வைத்திருக்கிறீர்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பூ ஒற்றைப்படை, கல்லறைக்குத்தான் இரட்டைப்படை. இது தெரியாதவரா நீங்கள்? கேட்டால், "எண்ணவே இல்லடி" என்கிறீர்கள். போருக்குப் போனவன் ஆறு வருஷமாக வரவில்லை என்றால் புதைத்துவிடுவதா?

ராத்திரியே ஒன்றைப் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டேன். மற்ற ஏழையும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். கிழங்கின் முதுகில் வெயில் படாமல் ஆழப் புதைத்தால் அது பூக்காது.

உங்கள் மாத்திரை ரொட்டிக் கூடையில்.

பி.கு: வாசல்வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். பாத்தியில் மறுபடி எட்டு இருக்கிறது. நான் பிடுங்கியது வாளியிலேயே கிடக்கிறது. நீங்கள் குறட்டை விடுகிறீர்கள், உங்கள் நகத்தில் மண் இல்லை.

எட்டாவதை அவனே வந்து வைத்திருந்தால்? அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.