துணி கட்டிய மரம்

ஸ்பிரிங்வெளி,
பதுளை.
14.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, அம்மாவின் அறை ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றதுதான். இப்போதெல்லாம் தினமும் அதைத்தான் செய்கிறேன். மேட்டில் நிற்கும் நம் கருப்பந்தைல மரம் போன வருடம் ஜன்னலின் இரண்டாவது கம்பிக்குப் பின்னால் நேராக நின்றது. இப்போது அடி அங்கேயே இருக்கிறது, மேல்பகுதி மூன்றாவது கம்பியையும் தாண்டிக் கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டது. மழைக்கு மண் கரைந்து வேர் வெளியே தெரிகிறது.

போனில் பேசினால், "கேமராவத் திருப்பு, மரத்தக் காட்டு" என்பீர்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அழகான மரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பட்டை நாடா நாடாவாக உரிந்து, உள்ளே வெள்ளையும் இளம்பச்சையுமாகத் தெரிகிறது. பனி இறங்கினால் வீடு முழுக்கத் தைல வாசனை. வகுப்பில் பிள்ளைகள், "டீச்சருக்குத் தடிமனா, தைலம் பூசினீங்களா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் கச்சான் காத்து அடிக்கும்போது அதே மரம் முனகுகிறது. அதற்கு நேர் கீழே அம்மா படுத்திருக்கிறார். வேறு அறைக்கு வரச் சொன்னால், "அவனுக்குத் தொட்டில் கட்டின ரூம்" என்கிறார்.

மரம் வெட்டும் முருகையா அண்ணனைக் கூப்பிட்டேன். மரத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் சின்னப்பிள்ளையாகக் காய்ச்சலில் கிடந்தபோது முனியாண்டிக்கு நேர்ந்து கட்டிய துணி. அம்மா வருடா வருடம் புதிதாக மாற்றிக் கட்டுவாரே, அதுதான்.

"யார் பேர்ல கட்டுனதோ அவுங்க வந்து வாக்குக் குடுக்கணும் டீச்சர். இல்லாட்டி நான் கை வைக்க மாட்டேன்."

"போன்ல சொன்னாப் போதாதா?" என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து, "முனிக்குப் போன் இருக்கா? நேர்ல வந்து நிக்கணும்" என்றார்.

ஒரு வாரத்துக்காவது வந்து போங்கள், அண்ணா. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள் தங்கை,
சிவசக்தி


டொரோன்டோ
06.08.2024

அன்புத் தங்கை சக்திக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலம். நானும் கையாலேயே எழுதுகிறேன், பிழை இருந்தால் டீச்சர் மாதிரித் திருத்தாமல் படி.

இந்த வருடம் லீவு கிடைக்காது. கிடைத்தாலும், அந்த மரத்தை வெட்டச் சொல்ல என்னை ஏன் கூப்பிடுகிறாய்? ஸ்பிரிங்வெளியில் என் பெயரில் நிற்பது இப்போது அது ஒன்றுதான். இங்கே பனி கொட்டும்போது அந்த இலைச் சத்தத்தை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். நமக்கு முன்னாலிருந்து நிற்கிற மரம். கொஞ்சம் சாய்ந்தால் விழுந்துவிடுமா? உனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் பயம்.

எங்கள் வீட்டு முன்னால் நின்ற மேப்பிள் மரத்தை ஏப்ரலில் எடுத்துவிட்டோம். பிள்ளைகள் விளையாடுகிற இடம், இன்சூரன்ஸ்காரன் விடவில்லை. அன்றிலிருந்து நம் மரத்தின் அருமை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

அம்மாவுக்கு என் முத்தங்கள். அடுத்த வருடம் கட்டாயம் பார்ப்போம்.

அண்ணன்,
கஜேந்திரன்


டொரோன்டோ
29.08.2024

அன்புத் தங்கை சக்திக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து வேலையே ஓடவில்லை. கிளை முறிந்து தகரத்தைப் பிய்த்துக்கொண்டு அம்மாவின் கட்டில் மேலேயே விழுந்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதுளை ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்க்கிறார்களா? இடுப்பு எலும்புக்கு இப்போது நல்ல வைத்தியம் இருக்கிறது, பயப்படாதே. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே, அந்த முனியாண்டிதான் காப்பாற்றியிருக்கிறார்.

விழுந்தது கிளைதானே, மரம் இல்லையே. அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. கிளை போன இடத்தில் தண்டு பிளந்திருக்கிறதா? துணி இருக்கிறதா? ஒரு படம் எடுத்து அனுப்பு. மனசு கேட்கவில்லை.

அண்ணன்,
கஜேந்திரன்


ஸ்பிரிங்வெளி,
பதுளை.
22.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இனி எழுந்து நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அறையில் படுக்க வைத்திருக்கிறேன். அங்கிருந்து மரம் தெரியாது. ஆனால் சாய்ந்தால் அந்தக் கூரைக்கும் எட்டும்.

நீங்கள் கேட்ட படம் இதோடு இருக்கிறது. தண்டு பிளக்கவில்லை. துணியும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அம்மா ஒன்று சொன்னார். உங்களிடம் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆனாலும் சொல்கிறேன். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"சக்தி, துணியக் கட்டுனது நாந்தானே. கட்டுனவ சம்மதிச்சா யாரு வேணும்னாலும் அவுக்கலாம். முனி ஒண்ணும் சொல்லாது."

"முருகையா அண்ணன் வேற மாதிரியில்ல சொன்னாரு?"

"அப்பிடிச் சொல்லச் சொன்னதே நாந்தான்."

"ஏம்மா?"

"வேற எதுக்குடி வருவான் அவன்?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பழத்தை உரித்து முடித்தேன். அவர் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன்.

அம்மா உங்களைக் கூப்பிட்டது மரத்துக்காக இல்லை. உங்களுக்கோ மரம் மட்டும்தான் காதில் விழுந்தது. உங்கள் வீட்டு மேப்பிளைப் பற்றி எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன். இங்கேயும் மரத்தடியில் ஒரு ஆள் இருந்தார், அண்ணா. வந்து சொல்ல இன்சூரன்ஸ்காரன்தான் இல்லை.

நாளைக் காலை அந்தத் துணியை நான் அவிழ்க்கப்போகிறேன். பிறகு கூப்பிட்டால் முருகையா அண்ணன் ரம்பத்தோடு வருவார். அவருக்கு இன்னும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. சொன்னால், "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம், வந்தாலும் வருவான்" என்பார். உங்களிடம் போனில் சொன்னால் தடுப்பீர்கள். இந்தக் கடிதம் பதுளைத் தபாற்கந்தோரிலிருந்து உங்கள் கைக்கு வரும்போது, மரம் விறகாகி லயத்து வீட்டு அடுப்புகளுக்குப் போயிருக்கும்.

இன்றைக்கு நிறையப் படங்கள் எடுத்து வைத்துவிட்டேன். பனியில், வெயிலில், காத்தில் ஆடும்போது. மரத்தைக் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக அனுப்புகிறேன். அம்மாவைக் கேட்டால் மட்டும் கேமராவைத் திருப்புகிறேன்.

சிவசக்தி