எட்டு நாள் பேசாமல்

1993 செப். 14, செவ்வாய்
மழை. குளிர் தொடங்கிவிட்டது. ஞாயிறு இவருக்கு ஆட்டைத் திவசம். இவர் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. வாங்க வேண்டியது: வாழையிலை, பூசணி, கற்பூரம்.

பேக்கரியில் என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரிகள் இருவருக்கும் சண்டை. அதே ஞாயிறு போலந்தில் தேர்தல். இங்கிருந்தும் வாக்குப் போடலாமாம். ஹலினா தெற்கு மலைப்பக்கம், சொந்தக் காணி. தெரேசா மேற்கு எல்லை. அங்கே அரசாங்கப் பண்ணையை மூடி, அவள் அண்ணன்மாருக்கு வேலை இல்லை. போன முறை இருவரும் புதுக் கட்சிகளுக்கு. இந்த முறை தெரேசா பழைய கொம்யூனிஸ்ட் ஆட்களுக்காம்.

"வெக்கமில்லையோ? அவையள் ஆண்ட காலத்தில பாணுக்குக் கியூவில நிண்டதை மறந்திட்டியோ?"

"உன்ர மலையில கிழங்கு விளையுது. என்ர அண்ணன்மார் எதைத் தின்னுறது?"

எல்லாம் உடைந்த இங்கிலீசில். அதோடு பேச்சு நின்றது.

செப். 16, வியாழன்
இன்றும் பேச்சில்லை. "ராணி, அவவிட்ட உப்பைக் கேள்" என்கிறாள் ஹலினா. ஒரே மேசை!

இவருக்குப் பிடித்தது எங்கள் கடைக் கசகசா கேக். படைக்க வேண்டும், முட்டை போடாமல். மா பிசைவது தெரேசா, கசகசா அரைப்பது ஹலினா. ஒருத்தி செய்தால் அந்த ருசி வராது. தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஓம் என்றார்கள். திவசத்துக்கும் வரச் சொன்னேன்.

போனில் மச்சாள்: "திவசத்துக்குப் போலந்துக்காரியளோ? ஐயர் என்ன சொல்லுவார்?"

"ஐயரை நான் பாக்கிறன். செத்தவீட்டுக்குப் பீட்ரூட் சூப் காய்ச்சிக்கொண்டு வந்தது அவையள்தான் மச்சாள்."

செப். 18, சனி
கேக் நடுவில் வெடித்தது, முட்டை இல்லாமல். இருவரும் சிரித்தார்கள். உடனே முகத்தைத் திருப்பினார்கள்.

ஊரில் நாங்கள் கலியாணம் கட்டிய புதிதிலும் தேர்தல். இவர் தீவுப் பக்கத்து ஆள், தமிழ்க் கட்சி. நான் வடமராட்சி, என் அப்பு மாதிரிக் கொம்யூனிஸ்ட் சிவப்புக்குப் போட்டேன். எட்டு நாள் இவரோடு பேசவில்லை. சிவப்பு தோற்றது. வென்றவர்கள் என்ன தந்தார்கள்? அந்த எட்டு நாள் இப்போது நெஞ்சை அறுக்கிறது.

செப். 19, ஞாயிறு
ஐயர் கேக்கைப் பார்த்தார். "முட்டை இல்லை ஐயா" என்றேன். மந்திரம் தொடங்கினார்.

வாக்குப் போட்டுவிட்டு இருவரும் ஒரே ஸ்ட்ரீட்காரில், அதுதான் தெரு டிராமில், வந்தார்கள். ஒருத்தி முன் கதவால் இறங்கினாள், மற்றவள் பின் கதவால். பக்கத்தில் பக்கத்தில் இருத்தி இலை போட்டேன். எட்டு நாள் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

செப். 20, திங்கள்
பழைய ஆட்கள் வென்றார்கள். மேற்குப் பக்கத்தில்தான் கூட வாக்காம், ஹலினா ஊரில் குறைவு. ஹலினா கண் சிவந்திருந்தது. தெரேசா சந்தோஷம் காட்டவில்லை.

"ராணி, அவவிட்ட உப்பைக் கேள்" என்றாள் ஹலினா.

"நீயே கேள். எனக்கு வேலை கிடக்கு."

தெரேசாவிடம் கேட்டாள்.