அத்திப்பள்ளி முகவரி

சூளகிரி
2-2-2025

அன்புள்ள மாதே,

உன் கடிதத்தை உங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ஆஞ்சப்பன் அண்ணன் வண்டியை நிறுத்தாமலே ஜன்னல் வழியாக நீட்டினார். "ஏம்மா, ரெண்டு பேரு கையிலயும் போன் இருக்குது. நடுவுல நான் தபால்காரனா?" என்றார். கிருஷ்ணகிரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் சண்டை போட்ட பிறகு எடுத்த முடிவு இது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? முக்கியமானதை எழுதிக் கேட்போம் என்று நீதான் சொன்னாய். பேசினால் நாம் இருவருமே காது கொடுப்பதில்லை.

உன் 'மூன்று ஷிப்ட்' வலைப்பூவின் போட்டிக்கு நான் பரிசு தருகிறேன். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையைப் பற்றி எழுதச் சொல்வது நல்ல யோசனை. வெல்பவருக்கு ஒரு வருடம், மாதம் ஒரு டப்பா ராகி சத்துமாவு.

ஒரே நிபந்தனை. பார்சல் தமிழ்நாட்டு முகவரிக்கு மட்டும். என் உரிமம் சின்னது. மாநிலம் தாண்டி அனுப்பாதே என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். இதை விதிமுறையில் முதலிலேயே போட்டுவிடு.

மாவை ஓகோ என்று புகழாதே. கரைத்துக் குடித்துப் பார். பிடித்தால் எழுது.

ஓசூரில் கோவிந்தன் அண்ணன் தன் கடை அலமாரியில் ஏப்ரலிலிருந்து என் மாவுக்கு ஒரு தட்டு ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் ஜோதியம்மாளோடு இன்னும் இரண்டு பேரை வறுக்கச் சேர்த்திருக்கிறேன். என் பெயர் வெளியே வருவது இதுதான் முதல் தடவை. பார்த்துக்கொள்.

உன்
வீரா

*

ஓசூர்
4-3-2025

அன்பு வீரா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இரண்டு வாரம் தொடர்ந்து இரண்டாம் ஷிப்ட்.

அறுபத்தொரு கட்டுரைகள் வந்தன. அறுபத்தொன்று! கேன்டீன் வரிசையில் நின்றபடி போனில் தட்டியது, சம்பளக் கவரின் பின்பக்கம் எழுதிப் படம் எடுத்து அனுப்பியது, எல்லாம். உன் பெயரை முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கிறேன். மாவும் குடித்தேன். கொஞ்சம் ஏலக்காய் தூக்கல். அதையும் எழுதினேன்.

பரிசு ஸ்ரீராமுக்கு. சிப்காட்டில் வெல்டர். முகவரி பின்பக்கம் இருக்கிறது, முதல் டப்பாவை அனுப்பிவிடு.

முடிவு அறிவிப்பதில் கடைசி நேரத்தில் சின்னக் குழப்பம். சரிசெய்துவிட்டேன். கமெண்டில் ஒன்றிரண்டு பேர் ஏதோ சொல்வார்கள். நீ அதையெல்லாம் படிக்காதே.

வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
மாதே

*

சூளகிரி
9-3-2025

மாதேஸ்வரிக்கு,

படித்தேன். படிக்காதே என்று நீ எழுதியதால் அல்ல. கோவிந்தன் அண்ணன் தன் போனைக் காட்டியதால்.

ரங்கம்மா என்பவர்தான் முதல் பரிசு என்று நீயே போன் செய்து சொல்லியிருக்கிறாய். மறுநாள் அவர் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இருக்கிறது என்று தெரிந்ததும், 'ஸ்பான்சரின் நிபந்தனைப்படி நீங்கள் தகுதியில்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். அவர் மகள் அனிதா இரண்டு படங்களைப் போட்டிருக்கிறாள். பிப்ரவரியில் உன் விதிமுறைப் பக்கம். மார்ச்சில் அதே பக்கம். முதலாவதில் தமிழ்நாடு என்ற சொல்லே இல்லை. இரண்டாவதில் நான்காம் வரியாக, எப்போதும் இருந்தது போல உட்கார்ந்திருக்கிறது.

கீழே நூற்று நாற்பது பேர். 'பார்டர் தாண்டினா தமிழ் எழுதக்கூடாதா.' 'சூளகிரிக்காரிக்கு அத்திப்பள்ளி ஆகாதோ.' 'இந்த மாவை எவனும் வாங்காதீங்க.' என் வீட்டில் பேசுவதே தெலுங்கு. அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கோவிந்தன் அண்ணன் நல்லவர். சத்தம் போடவில்லை. "என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு கன்னடம், தெலுங்கு பேசறவங்கம்மா. ஊரு வாய் அடங்கட்டும். தட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். ஜோதியம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கேழ்வரகு முளைகட்டப் போட்டிருக்கிறார்.

ஏன் அந்த வரி பிப்ரவரியில் இல்லை? இதற்கு மட்டும் பதில் எழுது.

வீரலட்சுமி

*

ஓசூர்
10-3-2025

வீரா,

பதில். மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். உன் நிபந்தனையைப் படித்தேன். மாநிலம் தாண்டி என்றதும் மும்பை, டெல்லி என்றுதான் தோன்றியது. அங்கிருந்து யார் தமிழில் எழுதப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அத்திப்பள்ளி நினைவுக்கே வரவில்லை. என் லைனில் பத்துப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். எட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போர்டு மாறுவதைத் தவிர எனக்கு அது எப்போதும் வேறு ஊராக இருந்ததில்லை.

ரங்கம்மா தன் முகவரியைச் சொன்னபோது நானும் சாதாரணமாகத்தான் எழுதிக்கொண்டேன். 'கர்நாடகா' என்று பென்சில் முடித்த பிறகுதான் கை நின்றது.

உனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று நினைத்தேன். நம்பு. அதனால்தான் வரியைச் சேர்த்தேன். 'ஸ்பான்சரின் நிபந்தனை' என்பது உண்மைதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்போது நானே பக்கத்தை மாற்றினேன் என்று சொன்னால், எழுதிய அறுபத்தொரு பேரும் இனி என்னிடம் எதைக் கொடுப்பார்கள்? சூப்பர்வைசரைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். பெயர் போடாதே என்று என்னை நம்பித் தந்தவர்கள். வலைப்பூவே போய்விடும், வீரா. எனக்கு அது ஒன்றுதான் ஷிப்டுக்கு வெளியே இருக்கிறது.

ஒரு வாரம் பொறு. அடங்கிவிடும்.

மாதே

*

சூளகிரி
11-3-2025

மாதேஸ்வரிக்கு,

எனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று என் பெயரின் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்கு எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அளவுத் தாளில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு, ஒயிட்னர் தடவி மேலே எழுதினாயாம். உன் தரச் சோதனை இன்ஸ்பெக்டர் முனிவேல் ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தப்பு பண்ணுனது தப்பில்ல பாப்பா. மூடுனதுதான் தப்பு. ஒரே கோடு போட்டு அடி. அடியில இருக்கறது படிக்க வரணும். பக்கத்துல கையெழுத்து, தேதி" என்றாராம். இப்போது அந்த வேலையை நீதான் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறாய்.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. ஜோதியம்மாளிடம் சொல்லிவிட்டேன். "அப்போ இந்தக் கேவுரு என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாய். முளைகட்டியது பொறுக்காது.

வீரலட்சுமி

*

ஓசூர்
14-3-2025

வீரா,

நேற்று மாலை திருத்தம் போட்டேன். மாற்றிய பக்கத்தை மறைக்காமல் அப்படியே விட்டேன். நான்காம் வரியின் மேல் ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்க வருகிறது. பக்கத்தில் என் பெயர், தேதி. கீழே இப்படி:

'இந்த நிபந்தனையை ஸ்பான்சர் வீரலட்சுமி போட்டிக்கு முன்பே எழுத்தில் தந்திருந்தார். அறிவிப்பில் அதைச் சேர்க்காமல் விட்டது நான். முடிவு வந்த பிறகு பக்கத்தைத் திருத்தியதும் நான். அது அவருக்குத் தெரியாது. விதிமுறையில் இல்லாததைக் காரணம் காட்ட முடியாது. முதல் பரிசு ரங்கம்மாவுக்கே. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

ஸ்ரீராமிடம் போனில் சொன்னேன். "எனக்கு அப்பவே டவுட்டு மேடம். அந்தம்மா எழுதுனதப் படிச்சிட்டு நானே ஓட்டுப் போட்டிருப்பேன்" என்று சிரித்தான். அனுப்பிய டப்பா அவனிடமே இருக்கட்டும். அதன் விலை என் கணக்கு.

மூன்று பேர் தங்கள் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். இன்று காலை இன்னும் ஒருவர்.

கோவிந்தன் அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "படிச்ச பொண்ணு" என்றார். அடுத்த ஆளுக்குச் சாமான் கட்டப் போய்விட்டார்.

ரங்கம்மாவுக்குப் பரிசை எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. இதையாவது உன்னிடம் கேட்கிறேன்.

மாதே

*

சூளகிரி
22-3-2025

மாதே,

கேட்டாய். அதனால் நானே கொண்டுபோனேன்.

பன்னிரண்டு டப்பாவையும் மொத்தமாக அனுப்பினால் கெட்டுவிடும் என்பதால் ஒன்றை மட்டும் பையில் போட்டு ஓசூரில் பஸ் மாறினேன். ஜூஜூவாடி தாண்டியபோது ஜன்னல் வழியே பார்த்தேன். நீ எழுதியது சரிதான். கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது. வேறொன்றும் மாறவில்லை.

ரங்கம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதுக்கா பஸ்ஸேறி வந்தே? நான் தினம் ஓசூர் கேன்டீன்லதானே வேலை பாக்கறேன். மாசாமாசம் அங்கயே வாங்கிக்கினு வருவனே. ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

அனிதா உள்ளே இருந்து வரவே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ என்னைக் கேட்டிருந்தால், நான் அவரைக் கேட்டிருப்பேன். இரண்டு கேள்வி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இனி மாதம் ஒன்று ஆஞ்சப்பன் அண்ணன் பஸ்ஸில் அந்தக் கேன்டீனுக்குப் போகும். "இப்போ பார்சலுமா?" என்கிறார்.

கோவிந்தன் அண்ணன் தட்டைப் பற்றி ஜூனில் பேசலாம் என்றிருக்கிறார். முளைகட்டியதை அக்கம்பக்கத்தில் பாதி விலைக்குக் கொடுத்தோம். ஜோதியம்மாள் வருகிறார். மற்ற இருவரையும் வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உன் சென்ற கடிதத்தின் அடியில் ஒரு வரியை அடித்திருந்தாய். ஒரே கோடு. பக்கத்தில் 'மா', தேதி. அடியில் இருப்பது நன்றாகவே படிக்க வருகிறது: 'அடுத்த போட்டிக்கும் நீதான் ஸ்பான்சர்.'

அடித்தது சரி.

அதைக் கேள்வியாக எழுதி அனுப்பு. என்ன பதில் எழுதுவேன் என்று எனக்கே இன்னும் தெரியாது.

வீரா