எல்லோருக்கும் பதினெட்டு

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று இதனால் சகலருக்கும் சத்தியம் செய்து கொடுக்கிறேன். நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பில் தேறிய ஒரு மனிதன், பத்தொன்பது வருடம் ஒரே ஆண்கள் வார்டில் நின்று நின்று, கடைசியில் கிரேன் ஆகிப்போன கதை இது.

ஆஸ்பத்திரியில் என் பெயரே அதுதான். இன்று மட்டும் பதினான்கு பேரைத் தூக்கினேன். அதில் ஒருவர் சிறிய மலை. அவரைப் புரட்டிப் போட்டபோது பூமி லேசாகச் சாய்ந்ததை எதிர்க்கட்டில்காரர்களும் உணர்ந்தார்கள்.

மாற்றல் கேட்டு எழுதிய நான்காவது மனு மத்தியானம் திரும்பி வந்தது. ‘தற்போது விடுவிக்க இயலாது.’ வார்டுப் பொறுப்பிலிருக்கும் பெரிய சிஸ்டரிடம் காட்டினேன்.

“உன்னை அனுப்பிட்டா இவங்களையெல்லாம் யாருப்பா தூக்குறது?”

பாராட்டு மாதிரிதான் சொன்னார். நானும் பாராட்டு கிடைத்தவன் மாதிரிதான் சிரித்தேன்.

வீட்டில் தங்கை மகள் வாசலிலேயே மறித்தாள். பத்து வயது, வாய் நாற்பது. “மாமா, இன்னைக்கு எத்தனை யானை?”

“பதினாலு. அதுல ஒண்ணு மாசமா இருந்துச்சு.”

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்க முடியவில்லை. கால் வரமாட்டேன் என்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

மார்ச் 9, திங்கள்

சரித்திரம் படைத்துவிட்டேன். காலிக் கட்டிலுக்கு நாடி பார்த்த முதல் நர்ஸ் நான்தான்.

ஏழாம் கட்டில் தையல்காரருக்குக் கால் எலும்பு முறிவு. அவரை ஒன்பது மணிக்கே எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து மணிக்கு அவருடைய அட்டையில் நான் எழுதியிருக்கிறேன்: காய்ச்சல் இல்லை, நாடி 76, மூச்சு நிமிடத்துக்கு 18. கீழே என் கையெழுத்து, அரசாணையில் போடுவதுபோல வளைத்து.

சின்ன டாக்டர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். “என்னண்ணே, கட்டிலா மூச்சு விட்டுச்சு?”

“தங்கமான கட்டில் டாக்டர். சாப்பாடுதான் கொஞ்சம் கம்மி.”

வார்டே சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாக.

மார்ச் 10, செவ்வாய்

சிரிப்பு நேற்றோடு தீர்ந்தது.

சூட்டைக் கருவி சொல்லிவிடும். நாடியையும் கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் மனிதன்தான் நின்று, ஒரு முழு நிமிடம், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். முப்பது கட்டிலுக்கு முப்பது நிமிடம். யாருக்கு நேரம்? அதனால் எங்கள் வார்டில் எல்லோருக்கும் பதினெட்டு. எண்பது வயதுக்காரருக்கும் பதினெட்டு, கல்லூரிப் பையனுக்கும் பதினெட்டு. நேற்று கட்டிலுக்கும் பதினெட்டு.

பதிவேட்டு அலமாரியைத் திறந்தேன். பிப்ரவரி அட்டைகள். ஏன் தேடினேன்? எதைத் தேடுகிறேன் என்று தெரிந்துதான் தேடினேன்.

பதினோராம் கட்டில், பஸ் டிரைவர். பிப்ரவரி 12, காலை பத்து மணி. மூச்சு 18. என் கையெழுத்து.

பதினொன்றரைக்கு அவருக்கு மூச்சு முட்டியது. தீவிர சிகிச்சைக்குக் கொண்டு ஓடினோம். தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டது நான்தான். மறுநாள் போய்விட்டார்.

பத்து மணிக்கு அவருக்கு எத்தனை இருந்தது? இருபத்தெட்டா? முப்பத்தாறா? பக்கத்துலதானே நின்னேன். போர்வையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிருந்தாரு. “என்ன டிரைவரண்ணே, கட்டிலை எந்த ஊருக்கு ஓட்டுறீங்க?”ன்னு கிண்டல் வேற பண்ணேன். பதில் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா? பேச மூச்சு இல்லைய்யா அந்த மனுஷனுக்கு—

இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

மார்ச் 11, புதன்

பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். கையுறைப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

“எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. நீ எண்ணியிருந்தா மட்டும் பிழைச்சிருப்பாருன்னு யாரு சொன்னா?”

“பிழைச்சிருக்க மாட்டாருன்னு யாரு சொன்னா சிஸ்டர்?”

அடுக்குவது நின்றது. “போய் நாலாம் கட்டிலைத் தூக்கி உட்கார வை,” என்றார்.

சாயங்காலம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மாதக் கடைசியோடு விடுவிக்கவும். நான்கு மனுக்களிலும் காட்டாத அழகான கையெழுத்து.

மார்ச் 12, வியாழன்

தங்கை கணவருக்குப் பெயின்ட் கடை. “வாங்க மச்சான், ஒண்ணாம் தேதியே வந்து உட்காருங்க. டின்னுக்கு மூச்சும் கிடையாது, நாடியும் கிடையாது,” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன். வெகுநேரம் கழுவினேன்.

மார்ச் 16, திங்கள்

போகிறவன் இருக்கிற நாளிலாவது மூச்சை எண்ணிவிட்டுப் போகிறேன்.

எண்ணுகிறேன் என்று சொன்னால் போதும், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி ஆளே மூச்சை மாற்றிவிடுகிறார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கள்ளத்தனமாக மார்பைப் பார்க்க வேண்டும். படித்தபோது சொல்லிக் கொடுத்தது. பத்தொன்பது வருடம் கழித்து இன்றைக்குச் செய்கிறேன். பதினான்கு, இருபத்தொன்று, பதினாறு, பத்தொன்பது. முப்பது பேரில் இரண்டே பேருக்குத்தான் பதினெட்டு.

“கிரேன் தியானத்துல இருக்குது, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க,” என்று ஒரு நர்ஸ் பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 19, வியாழன்

தையல்காரருக்கு மூன்று நாளும் பதினாறு. இன்று காலை அவர் பாட்டுக்குப் படுத்திருந்தார். வலிக்கிறதா என்றேன், தலையாட்டலில் இல்லை என்றார். மணிக்கட்டைப் பிடித்தேன். முப்பது.

தப்பாக எண்ணிவிட்டேனா? மறுபடியும் ஒரு நிமிடம். முப்பத்தொன்று.

சின்ன டாக்டர் போனில், “ஆக்சிஜன் எவ்வளவுண்ணே?” என்றார்.

“தொண்ணூத்தஞ்சு.”

“நல்லாத்தானே இருக்கு? ரவுண்ட்ஸ்ல பார்க்கிறேனே.”

“நேத்து பதினாறு டாக்டர். இன்னைக்கு முப்பது. ரெண்டு தடவை எண்ணினேன்.”

“கட்டிலுக்கா, ஆளுக்கா?”

“ஆளுக்கு. இப்ப வாங்க டாக்டர். வந்து திட்டுங்க. ஆனா இப்ப வாங்க.”

வந்தார். பார்த்தார். முகம் மாறியது. அசையாத காலில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று கிளம்பி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. பத்து நிமிடத்தில் கீழே தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போனோம்.

மார்ச் 20, வெள்ளி

தையல்காரர் பிழைத்துக்கொண்டார்.

சின்ன டாக்டர் தோளில் தட்டினார். பெரிய சிஸ்டர்கூடத் தேநீர் வாங்கித் தந்தார். எனக்கு இது மருந்தாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இதுவரை, எண்ணியிருந்தாலும் பயனிருந்திருக்காது என்று ஓரத்தில் ஒரு சாக்கு மிச்சமிருந்தது. நேற்று அதையும் நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

டிரைவரண்ணே, உங்களுக்கும் ஒரு நிமிஷம்தானே கேட்டுச்சு.

மார்ச் 23, திங்கள்

பிப்ரவரி 12ஆம் தேதி நான் செய்ததை ஒரு பக்கத்தில் எழுதி, நர்ஸ்களுக்கெல்லாம் தலைமையான மேட்ரன் அலுவலகத்தில் கொடுத்தேன். மலை, யானை எதுவும் சேர்க்காமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம்!

மார்ச் 26, வியாழன்

மேட்ரன் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடிதம். இடது பக்கம் ராஜினாமா. வலது பக்கம் திங்கட்கிழமை கொடுத்தது.

“ரெண்டையும் வாங்கினா, தப்பு பண்ணிட்டு ஓடிப்போனவன் எழுதி வச்ச சீட்டுன்னு ஃபைல்ல போட்டு மூடிடுவாங்க,” என்றார். “ஏதாவது ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போங்க.”

“எதை மேடம்?”

“அதை நான் சொன்னா அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?”

வலது பக்கத்துக் கடிதத்தை எடுத்தால் யாருக்கும் தெரியாது. கை அதன் மேல் போனது, மறைக்க மாட்டேன், போனது. பிறகு இடது பக்கத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“விசாரணை உண்டு. ரெண்டு வருஷத்துக்கு மாற்றல் கேட்க முடியாது. தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“அந்த டிரைவர் வீட்டுக்கும் சொல்லியாகணும். நானும் வர்றேன்.”

மார்ச் 31, செவ்வாய்

டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். அவர் மனைவி கடைசிவரை கேட்டார். கதவைச் சாத்தும்போது மெதுவாகத்தான் சாத்தினார். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பெயின்ட் கடையில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.

பெரிய சிஸ்டர் இன்று என்னைப் பார்க்காமலே வேலை அட்டவணையை நீட்டினார். காலையில் தூக்குவதற்கு இரண்டு பேர் பெயர், மாற்றி மாற்றி. என் பெயருக்கு நேரே, ‘பத்து மணி, மூச்சு, முப்பது கட்டில்’ என்று எழுதியிருந்தது. “சீக்கிரம் முடிக்கணும்னு இல்லை,” என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை. காலையில் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும் பஸ்ஸைவிட்டு இறங்கினேன், நாளையும் இறங்குவேன்.

சாயங்காலம் தங்கை மகள் தையல்காரர் கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவர் விட்ட மூச்சில் ஜன்னல் திரைகள் கிழிந்து பறந்தன, கூரை இரண்டு முழம் எழும்பி உட்கார்ந்தது, நாற்பது டாக்டர்கள் ஒருவர் தோளில் ஒருவராக ஏறி ஓடி வந்தார்கள், நடுவில் நான் ஒற்றைக் கையால் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றேன், பயத்தில் என் கை உதறிற்று, எண்ணிக்கை இரண்டு தடவை விட்டுப் போயிற்று.

அத்தனைக்கும் தலையாட்டிக் கேட்டவள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ மாமா, நீங்க பயந்தீங்களாம்! புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். அந்தக் கதையில் அது ஒன்றுதான் உண்மை.