ரசலையன் கொடுத்த வெள்ளைச் சட்டை

அன்புள்ள மகன் அபினுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையில் சுகமாயிருக்கிறோம், அங்கே நீயும் மருமகள் பெபிஷாவும் பிள்ளையும் அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. எங்கள் காலேஜ் பழைய மாணவர் சங்கமம் எப்படி நடந்தது என்று நீ போனில் மூன்று தடவை கேட்டாய், நல்லா நடந்தது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் முன்னறையில் தொங்கும் எண்பத்தைந்தாம் வருட குரூப் போட்டோ உனக்குத் தெரியும். அதில் நான் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டை என்னுடையது இல்லை. அன்று காலை ஹாஸ்டலில் இஸ்திரிப் பெட்டியால் என் சட்டையைக் கருக்கிவிட்டேன். வெள்ளைச் சட்டை இல்லாதவன் போட்டோவில் நிற்கக்கூடாது என்று கண்டிப்பு. என் அறையில் கூட இருந்த மயிலாடி ரசலையன், போட்டோவுக்கென்றே புதிதாகத் தைத்திருந்த தன் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். "ஒனக்க அப்பா கெடையில கெடக்காரு, கண்ண மூடுறதுக்குள்ள ஒன்ன இதுல பாக்கட்டும், போ லேய்" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். உன் தாத்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சங்கமத்துக்கு ஆட்களைத் தேடிப் பிடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். போட்டோவின் அடியில் அச்சடித்திருந்த முப்பத்தொரு பெயரையும் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன், குவைத்தில் இருப்பவனைக்கூட விடவில்லை. அன்றைக்கு மேடையில் அந்தப் படத்தைத் திரையில் போட்டு சட்டைக் கதையைச் சொன்னேன், எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். பொன்னுலிங்கம் எழுந்து, ரசலையன் எங்கே, வரவில்லையா என்று கேட்டான். கையிலிருந்த லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். படத்தில் இல்லாதவன் என் லிஸ்டிலும் இல்லை மக்கா. வாசலில் வந்தவர்கள் பெயரைப் பதிந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி பிறகு வந்து சொன்னாள், பிளெக்ஸ் பார்த்துவிட்டு அந்தப் பெயரில் ஒருவர் வந்தாராம், வெள்ளைச் சட்டை போட்டிருந்தாராம், லிஸ்டில் பெயர் இல்லை என்றதும், சும்மா பார்க்க வந்தேன் பிள்ளே என்று சொல்லித் திரும்பிவிட்டாராம்.

மறுநாள் மயிலாடிக்குப் போனேன். அரை மணி நேர பஸ்தான், இருபது வருடமாக நான் ஏறாத பஸ். ரசலையன் கதவைத் திறந்து, "வாங்க, இரிங்க" என்றான். அவன் கையைப் பிடித்து அழுதேன், மன்னித்துக்கொள் என்றேன். அவன் கோபப்படவே இல்லை. "போட்டோவுல எனக்க பேரு இல்லேல்லா, நீங்க என்ன செய்வீங்க" என்றான். மூன்று வருடம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் மனைவி தந்த சாயாவை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. லேய் என்று ஒரு தடவை திட்டியிருந்தால்கூட போதும், மனசு ஆறியிருக்கும்.

நேற்று உன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். உன் கூட்டுக்காரன் ஆன்றோ ஒரு படத்திலும் இல்லை. காலையிலிருந்து கடைசிப் பந்தி வரை நின்று இலையில் சோறு விளம்பியது அவன்தான். கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணிபோலக் காப்பாராக. பனியில் காதை மூடாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதத்தை மடித்து வைக்குமுன் ஆன்றோவைக் கூப்பிடு. இவ்வளவு நாள் எங்கலே போன என்று திட்டுவான். திட்டட்டும், கேட்டுக்கொண்டிரு.

உன் அப்பா,
செல்வதாஸ்